ஒன்றும் கேட்காத வீட்டுக்காரர்

அந்த ஆள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

நிர்மலா காத்துக்கொண்டே இருந்தாள். ஹாலைக் காட்டியபோது கேட்கவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, “தண்ணி எப்பிடி வருது பாத்தீங்களா?” என்றபோதும் கேட்கவில்லை. மாடிப்படி ஏறும்போது நிச்சயம் கேட்பான் என்று நினைத்தாள். அவனோ துணி காயப்போடும் கம்பியைத் தட்டிக் காட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டான்.

குடியிருக்கும் லைன் வீட்டை ஆவணியில் இடிக்கப் போவதாக ஓனர் சொன்னதிலிருந்து, பதினோரு நாளில் அவள் பார்த்த ஆறாவது வீடு இது. முதல் ஐந்திலும் அந்தக் கேள்வி ஏதாவது ஒரு வேஷத்தில் வந்தது. ஒரு வீட்டில் நேராகவே, “நீங்க என்ன ஆளுங்க?” இன்னொரு வீட்டில் சுற்றி வளைத்து, “கொலதெய்வம் எந்தப் பக்கமுங்க?” பெருமாநல்லூர் ரோட்டு வீட்டம்மா வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. நிர்மலாவின் போனில் இருந்த ஏசு படத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். உடனே அவளுடைய தங்கச்சி மகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. “அவனுக்கே உட்டர்றோமுங்க. தப்பா நெனைக்காதீங்க.”

அன்றைக்கு இரவே நிர்மலா போனில் ரோஜாப்பூப் படம் வைத்தாள். செயினில் கோத்திருந்த சின்னச் சிலுவையைக் கழற்றிப் பர்ஸுக்குள் போட்டாள். குன்னத்தூர்ப் பக்கத்தில், மாரியம்மன் கோயிலும் சர்ச்சும் ஒரே வீதியில் இருக்கும் ஊரில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். பேரைக் கேட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவள் நிர்மலா, புருஷன் தமிழ்செல்வன், மகள் பிரியங்கா, மாமியார் காளியாத்தாள். பேர் காட்டிக்கொடுக்காததை இந்தக் கேள்விதான் தோண்டி எடுத்தது.

வெளியே வந்து கதவைப் பூட்டிய அந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நெற்றியில் சந்தனம்.

“தங்கதுரைங்க. அப்பா வெள்ளகோவில்ல தோட்டத்தப் பாத்துக்கறாரு. இங்க ஊட்டு வெவகாரம் பூரா நாந்தான். ஊடு புடிச்சுதுங்களா?”

“நெம்பப் புடிச்சுதுங்க.” அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஏனுங்க... எங்களப் பத்தி நீங்க ஒண்ணுமே கேக்கலீங்களே?”

“என்னத்தக் கேக்கறதுங்க? மொகத்தப் பாத்தாத் தெரியாதா? ஊட்ட ஊடா வெச்சுக்குவீங்க. அது போதும்.”

இப்படியும் ஒரு மனுஷன்!

“ஒண்ணே ஒண்ணுதானுங்க,” என்றான் தங்கதுரை. “ஆடி பொறந்துபோச்சு. ஆடியில ஆரும் பால் காச்சிக் குடி போறதில்ல. ஆவணி மொத முகூர்த்தத்துல காச்சிக்குங்க, சாவி உங்க கைக்கு வந்துரும். இப்பத்திக்கு டோக்கன் அஞ்சாயிரம். மீதி அட்வான்ஸ ஆடிப் பதினெட்டன்னைக்குக் குடுத்துருங்க. பெருக்கு நாளு பாருங்க, எல்லாமே பெருகும்.”

ஆடியில் குடி போகக் கூடாது என்பது நிர்மலாவின் வீட்டில் இல்லாத வழக்கம். அவள் கல்யாணமே ஒரு ஆடியில், ஃபாதர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவசரமாக நடந்ததுதான். ‘எங்களுக்கு ஆடி கெடையாதுங்க’ என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும்? தங்கச்சி மகனுக்கு வேலை கிடைக்கும்!

“அதுவுஞ் சரிதானுங்க. ஆவணியிலயே வந்தர்றோம்,” என்று தலையாட்டிவிட்டு டோக்கனைக் கொடுத்தாள்.

அவள் செய்த தப்பு அதுதான். அப்போது அது அவளுக்குத் தெரியாது.

---

“உனக்கு எதுக்குடி ஆவணி முகூர்த்தம்? அல்லேலூயா பாடிட்டுப் பால் காச்சுவியா?”

பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் எதிரே நின்ற அனுசுயா சிரித்தாள். மடத்துக்குளத்துக்காரி. கை டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பித் தையல் பார்த்துக்கொண்டிருக்கும். வாய் அது பாட்டுக்கு ஓடும்.

“மெல்லப் பேசு புள்ள. சூப்பர்வைசர் பாக்குறாரு.”

“பாத்தாப் பாக்கட்டும். அந்த ஊட்டுக்கு அக்கட்ட இக்கட்ட விசாரிச்சியா?”

“எப்பிடி விசாரிக்கறது? அவரு நம்மளப் பத்தி ஒண்ணும் கேக்கல. நாம போயி அவரத் துருவுனா நல்லா இருக்குமா?”

“நீ ஒரு பீஸுல நூலு பிரிஞ்சிருந்தா ஒம்போது தடவ திருப்பிப் பாக்குற. ஊட்டு விசயத்துல மட்டும் கண்ண மூடிக்கிறயே!”

“எனக்கு எரிச்சலக் கெளப்பாத போ,” என்றாள் நிர்மலா. அஞ்சு வீட்டுப் படி இறங்கினவளுக்குத்தான் தெரியும், ஆறாவது வீட்டுப் படி எவ்வளவு மெத்தென்று இருந்தது என்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. தமிழ்செல்வன். துணி ரோல்களை நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு ஏற்றிப்போகும் ‘குட்டியானை’ வண்டி ஓட்டுகிறவன். எப்போதும் நிதானமாகப் பேசுபவன் அன்றைக்கு மூச்சு வாங்கினான்.

“நிர்மலா, நம்ம ஊட்டு ஓனர் மகன் வேல்குமார் வந்திருந்தான். திங்கக்கெழம ஜேசிபி வருதாம். லைன் ஊடு ஏழையும் இடிக்கறாங்க.”

“ஆவணி வரைக்கும் இருந்துக்குங்கன்னு சொன்னாங்களே?”

“கேட்டேன். ஆடியில ஆராச்சு வேல ஆரம்பிப்பாங்களான்னு. ‘கட்டறதுக்குத்தான் ஆடி ஆவாது, இடிக்கறதுக்கு என்ன’ங்கறான்.”

“அய்யோ ஏசப்பா...”

“குன்னத்தூருக்கு உங்கக்கா ஊட்டுக்குச் சாமானக் கொண்டு போயிரலாமா?”

“பிரியங்கா பத்தாவது. அங்கிருந்து தெனமும் பஸ்ஸு ஏறி வந்தா படிக்கறது எப்பங்க? இருங்க. நான் அவருகிட்டயே பேசறேன்.”

“என்னன்னு பேசுவ?”

“உள்ளதச் சொல்லிப்போடறேன். நல்ல மனுசன். புரிஞ்சுக்குவாரு.”

அயர்னிங் செக்‌ஷனுக்குப் பின்னால் ஆள் வராத படிக்கட்டு ஒன்று உண்டு. அங்கே போய் நின்றுகொண்டு, பர்ஸைத் திறந்து அந்தச் சின்னச் சிலுவையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, நிர்மலா எண்ணை அழுத்தினாள். அவளுக்குத் தேவை ஒரே ஒரு கூரை. ஞாயிற்றுக்கிழமைக்குள்.

“அண்ணா, நிர்மலா பேசறேனுங்க. ஊடு பாக்க வந்தமே. ஒரு விசயம் மறைச்சுட்டேன். கோவிச்சுக்கக் கூடாது. எங்களுக்கு ஆடியெல்லாம் கெடையாதுங்க. நாங்க கிறிஸ்டியன். இந்த ஞாயித்துக்கெழமயே குடி வந்தரட்டுங்களா?”

சொல்லி முடித்துப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

நிர்மலா கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, இப்போது வரும். ‘அப்பா ஒத்துக்க மாட்டாருங்க.’ ‘பூசை பண்ற ஊடுங்க.’ ஏதோ ஒன்று வரும்.

“கிறிஸ்டியனா இருந்தா என்னங்க, எல்லாரும் மனுசங்கதான்,” என்றான் தங்கதுரை. குரல் மட்டும் ஏனோ வேகமெடுத்திருந்தது. “ஆனா ஞாயித்துக்கெழம ஆவாதுங்களே. பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கேன்.”

“பெயிண்ட் புதுசாத்தானுங்களே இருந்துச்சு?”

“அது... மோட்டார் ரிப்பேருங்க. தண்ணி வராது.”

“அன்னைக்குத் தண்ணி நல்லா வந்துச்சுங்களே. பரவால்லீங்க, நாங்க கொடத்துல புடிச்சுக்கறோம்.”

“அட, ஆடி உங்களுக்கு இல்லாட்டியும் ஊட்டுக்கு உண்டில்லீங்களா! ஆவணியில வாங்க. அட்வான்ஸ மட்டும் பதினெட்டன்னைக்கு மறந்தராதீங்க. வேற பார்ட்டி ரெண்டு பேரு சுத்திட்டிருக்காங்க.”

போன் வைக்கப்பட்டது.

நிர்மலா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து நீராவி உஸ்ஸென்று அடங்கிய நேரத்தில், அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

வீடு இல்லை என்று சொல்லப்படுவதில் அவளுக்கு அனுபவம் உண்டு. அதன் எல்லா ரகமும் அவளுக்கு அத்துப்படி. பிடிக்காத வீட்டுக்காரன் ஆளைத்தான் வேண்டாம் என்பான், பணத்தைத் தொடமாட்டான். பிடித்த வீட்டுக்காரன் ஆள் வருகிற நாளை ஏன் தள்ளிப்போடப் போகிறான்? நாளைக்கே வாடகை ஓடட்டும் என்றுதான் நினைப்பான். இவனோ ஆளையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டுக்குள்ளும் விடவில்லை, பணத்தை மட்டும் தேதி வைத்துக் கேட்கிறான்.

ஏன் அவன் ஒன்றுமே கேட்கவில்லை?

குடி வைக்கப் போகிறவன் அல்லவா கேட்பான்!

ஆடி முடிய இன்னும் மூன்று வாரம். அதுவரைக்கும் எந்தக் குடும்பமும் அந்த வீட்டுக்கு வந்து கதவைத் தட்டப் போவதில்லை. அந்த மூன்று வாரமும், பணத்தை வாங்கிக்கொண்டு ஓட அவனுக்குச் சும்மா கிடைத்த அவகாசம்.

“அனுசுயா, எனக்கு அரை நாள் பர்மிஷன் கேளு!” என்று கத்திக்கொண்டே அவள் ஓடினாள்.

---

அந்த வீட்டு வீதியின் முனையில் ஒரு மளிகைக் கடை. குழந்தையம்மாள் என்ற அம்மாள் கல்லாவில் உட்கார்ந்து, வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிர்மலா கடலைப் பருப்பு கால் கிலோ வாங்கினாள். கூடவே கேட்டாள்.

“ஏனுங்கம்மா, அந்தப் பச்சை கேட்டுப் போட்ட ஊடு ஆருதுங்க?”

“சுப்பண்ணன் ஊடு கண்ணு. அவரு வெள்ளகோவில்ல இருக்காரு.”

“அவரு மகன் தங்கதுரைதானுங்களே பாத்துக்கறாரு?”

“மகனா?” அம்மாள் கையிலிருந்த வெங்காயத்தைக் கூடையில் போட்டாள். “அவருக்கு ரெண்டும் பொண்ணு. பெரியவ சிங்கப்பூருல, சின்னவ வர்ஷினி கோயமுத்தூருல டாக்டருக்குப் படிக்கறா. அந்தத் தங்கதுரை, ஆனி மாசக் கடைசீல வாடகைக்கு வந்தவன். வந்தான்னு பேரு, ஒரு பாய்கூட எறக்கல. பொழுதன்னிக்கும் ஆரையாச்சும் கூட்டிட்டு வந்து ஊட்டக் காட்றான். ஒறம்பரை, சொந்தக்காரங்களோன்னு நெனச்சேன்.”

“எத்தன பேருங்கம்மா?”

“அஞ்சாறு குடும்பம் இருக்கும். ஏன் கண்ணு, மொகம் வெளுத்துப்போச்சு? இந்தா, தண்ணியக் குடி.”

நிர்மலா தண்ணீரைக் குடித்தாள். பிறகு அந்த அம்மாளிடமே எண்ணை வாங்கி, சுப்பண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். தகவல் கேட்டு வண்டியோடு வந்து பக்கத்தில் நின்ற தமிழ்செல்வன், “போலீஸுக்கே போயிரலாம் புள்ள,” என்று முணுமுணுத்தான். ஸ்பீக்கரில் அது கேட்டுவிட்டது.

“போலீஸுக்கு நான் சொல்றேனுங்க,” என்றது சுப்பண்ணனின் கனத்த குரல். “ஆனா அவனுக்குத் தெரிஞ்சா போன அணைச்சுட்டுப் பறந்துருவான். அவன அந்த வாசலுக்கு வரவெக்கோணும். உங்களால முடியுங்களா?”

அவளால் முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் மாலையில் தங்கதுரையைக் கூப்பிட்டபோது குரல் பிசிறில்லாமல் வந்தது.

“அண்ணா, நீங்க சொல்றதுதான் சரி. ஆவணியிலயே வர்றோம். ஆனா சீட்டுப் பணம் கைக்கு வந்துருச்சு. ஊட்டுல வெச்சிருக்கப் பயமா இருக்குது. ஞாயித்துக்கெழம காத்தால வந்து வாங்கிக்கறீங்களா? எங்க வழக்கம், அந்த ஊட்டு வாசல்ல நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் குடுப்போம்.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

“ஜெபந்தானுங்களே? தாராளமாப் பண்ணுங்க. பத்து மணிக்கு வந்தர்றேன்.”

ஜெப விஷயத்தில் நிர்மலா பொய் சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே அவள் ஜெபம்தான் பண்ணிக்கொண்டிருந்தாள்.

---

ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்பதே முக்கால்.

மளிகைக் கடையின் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் சுப்பண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்த குமரன் என்ற ஏட்டு. அடுத்த சந்தில் தமிழ்செல்வனின் குட்டியானை, கட்டில், பீரோ, கிரைண்டர், பிரியங்காவின் புத்தக மூட்டை எல்லாவற்றோடும் நின்றது. இங்கே எது எப்படி ஆனாலும், அங்கிருந்து நேராகக் குன்னத்தூர் போவதாக ஏற்பாடு. திரும்பிப் போக அவர்களுக்கு வீடு இல்லை.

பத்து மணி. தங்கதுரை வரவில்லை.

பத்தே கால்.

“மோப்பம் புடிச்சுட்டானோ?” என்று குழந்தையம்மாள் கிசுகிசுத்தாள்.

பத்தரைக்கு பைக் சத்தம் கேட்டது. அதே வெள்ளைச் சட்டை. அதே சந்தனம். பச்சை கேட் முன்னால் தனியாக நின்ற நிர்மலாவைப் பார்த்து, வண்டியை அணைக்காமலே காலை ஊன்றினான்.

“உங்க ஊட்டுக்காரர் வரலீங்களா?”

“வண்டி நிறுத்தப் போயிருக்காருங்க.”

“ஜெபம் சுருக்கா முடியுமுங்களா? எனக்கு வேற வேலை கெடக்குது.”

“சுருக்காத்தானுங்க,” என்று சொல்லிவிட்டு நிர்மலா நிஜமாகவே கண்ணை மூடினாள். ‘கர்த்தாவே, எனக்குத் தைரியம் குடு’ என்பது மட்டுந்தான் வந்தது. கண்ணைத் திறந்தபோது சுப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

“ஏப்பா தங்கதுரை, நான் எப்ப உனக்கு அப்பனானேன்?”

ஒரு நொடிதான். பைக் சீறிக்கொண்டு திரும்பியது. குமரன் பாய்ந்து பிடித்த சட்டைக் காலர் கையோடு வந்தது, ஆள் வரவில்லை. வீதியின் மறு முனையை நோக்கி வண்டி பறந்தது.

அந்த மறுமுனையில், வீதியை அடைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே நுழைந்தது குட்டியானை. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் சுவர். தமிழ்செல்வன் நிதானமாக ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கினான். “வாங்க மொதலாளி, பெயிண்ட் வேலையெல்லாம் முடிஞ்சுதுங்களா?”

தங்கதுரை சாக்கடை ஓரமாகவே வண்டியை விட்டு உட்கார்ந்துவிட்டான். சந்தனம் வியர்வையில் வழிந்தது. “பனியன் தைக்க ஜாப் ஆர்டர் எடுத்து நொடிச்சுப் போயிட்டேனுங்க... திருப்பிக் குடுத்தர்லாம்னுதான்...” என்று ஆரம்பித்தான். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

அப்போது அவனுடைய போன் அடித்தது. குமரன் அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, நான் கருத்தம்மா பேசுறேன், உசிலம்பட்டிக்காரி,” என்றது ஒரு பெண் குரல். “நகைய வச்சுப் பணம் பெரட்டிட்டோம்ணே. பதினெட்டு வரைக்கும் எதுக்குக் காத்துக்கெடக்கணும்? இன்னைக்கே கொண்டாந்து தந்துட்டுப் போயிரவா?”

நிர்மலா முன்னால் வந்து போனை வாங்கினாள்.

“அக்கா, குடுக்காதீங்க. நகையத் திருப்பி எடுத்துக்குங்க. நானும் அதே ஊட்டுக்கு டோக்கன் குடுத்தவதான். இவன் ஓனர் இல்ல.”

மறுமுனையில் அந்தக் குரல் உடைந்தது. “அய்யோ தாயி... எங்ககிட்ட ஒண்ணுமே கேக்காம வீடு தாரேன்னாரே! அம்புட்டு நல்லவருன்னுல்ல நெனச்சேன்.”

“நானும் அப்பிடித்தானுங்க நெனச்சேன்,” என்றாள் நிர்மலா. போனைக் குமரனிடம் நீட்டினாள்.

ஸ்டேஷன் ஜீப் வந்து தங்கதுரையை ஏற்றிக்கொண்டு போனது. டோக்கன் பணம் கேஸ் முடிந்துதான் வரும், மற்ற குடும்பங்களையும் கூப்பிட்டு எழுதி வாங்க வேண்டும் என்று குமரன் சொல்லிவிட்டுப் போனார். சுப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“அவன் குடி கேட்டு வந்தப்ப எந்த ஊரு, எந்தக் கூட்டம்னு எல்லாத்தையும் கேட்டேனுங்க. டக்கு டக்குனு சொன்னான். நம்ம ஆளுன்னு நம்பிச் சாவியக் குடுத்தேன். வேற ஒண்ணையும் கேக்கத் தோணல பாருங்க.” தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வீதியில் நின்ற வண்டியைப் பார்த்தார். “சாமானோட எங்க போறீங்க?”

“குன்னத்தூருங்க. அக்கா ஊட்டுக்கு.”

“ஊடு காலியாத்தான இருக்குது. நீங்க என்ன...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நிர்மலா அவரைத் தவிக்க விடவில்லை. “கிறிஸ்டியனுங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவோம். கறி திங்கறதுண்டு. மூணு பேரு, மாமியாளும் அப்பப்ப வந்து போவாங்க. ஆடியிலயே குடி வருவோம்.”

சுப்பண்ணன் தாடையைச் சொறிந்தார். அவருக்கு அது சுலபமாக இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

“ஊட்டுக்குள்ள சத்தமாப் பாட்டுப் பாடுவீங்களா?”

“என்ற ஊட்டுக்காரரு பாடுனா சர்ச்சுலயே நிறுத்தச் சொல்லிருவாங்க. அந்தப் பயம் வேண்டாமுங்க.”

கடைக்குள்ளிருந்து குழந்தையம்மாள் சிரித்த சிரிப்பில் பெரியவருக்கும் உதடு விரிந்துவிட்டது. “எறக்குங்க போங்க,” என்றார் கையை வீசி.

தமிழ்செல்வன் துள்ளி வண்டிமேல் ஏறினான். பீரோவைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சில் கை வைத்தான்.

“ஏனுங்க, கயித்த அவுக்காதீங்க,” என்றாள் நிர்மலா.

சுப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்கய்யா. ஊட்டு வரி ரசீது உங்க பேருல இருக்கறதப் பாத்துக்கறேன். வாடகை, அட்வான்ஸு, எத்தன மாசம், எல்லாத்தையும் பேப்பருல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டரலாம். அப்பறமாச் சாமான எறக்கறோம்.”

“என்ற ஊட்டுக்கு எங்கிட்டயே ரசீதா!” பெரியவர் குரல் உயர்ந்தது.

நிர்மலா நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தமிழ்செல்வன் முடிச்சில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை.

சுப்பண்ணன் அவளையே பார்த்தார். பிறகு சட்டைப் பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போனில் மகளைக் கூப்பிட்டார்.

“வர்ஷினி, அந்தத் திருப்பூர் ஊட்டு வரி ரசீது உங்கிட்ட இருக்குமல்லோ, அத வாட்ஸ்அப்புல அனுப்பு சாமி. ஆருக்கா? குடி வர்றவங்க கேக்கறாங்க.” ஒரு கணம் நிறுத்தினார். “ஆமா, கேக்கறாங்க. கேக்கட்டுமே.”